மூஞ்சூறின் தும்பிக்கை

ரொக்ஸ்பரோ
03.01.2026, சனிக்கிழமை

திரு. தியாகலிங்கம் அவர்கட்கு,

நீண்ட யோசனைக்குப் பிறகு, இன்று காலை பத்தேகாலுக்கு, எனது பனிச் சப்பாத்துகளை நமது பொது முகப்பின் கால்விரிப்பிலிருந்து எடுத்து என் வீட்டுக்குள் வைத்துவிட்டேன். பதினொரு வருடங்களாக அவை உங்கள் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நின்றன. இந்த முடிவுக்கு வர எனக்கு இரண்டு நாட்களும் ஆறு தேநீர்களும் செலவாயின. முடிவு இறுதியானது. இதை எழுத்தில் அறிவிப்பது முறை என்று கருதுகிறேன்.

நமக்கிடையே கதைபேச்சு இல்லை என்றான பிறகு கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம்மவர்களில் கதை இல்லாதவர்கள் செத்தவீட்டுக்குப் போவார்கள், கலியாணவீட்டுக்குப் போகமாட்டார்கள். கடிதத்தைப் பற்றி ஒரு ஏற்பாடும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே எழுதலாம் என்று தீர்மானித்தேன். இது உங்கள் தபால்பெட்டியில் இருக்கும். அது என் தபால்பெட்டியிலிருந்து நாலு அங்குலத் தூரம்.

பதிவுக்காகச் சில விடயங்கள். நீங்கள் என் தங்கை ஞானாம்பிகையின் கணவர். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் நாம் குடியிருக்கிறோம். முகப்பு ஒன்று, வாகனப்பாதை ஒன்று. கடந்த செப்ரெம்பரில் பாதிப் பாதியாகச் சேர்ந்து ஒரு தானியங்கிப் பனிவீசி வாங்கினோம். ஐந்து சென்ரிமீற்றர் பனி விழுந்தால் தானாக எழும்பி, பாதையில் மேலும் கீழும் போய்த் துப்புரவாக்கி, தானாகத் திரும்பி வந்து படுக்கும் இயந்திரம். சாம்பல் நிறத்தில் தாழ்ந்து நின்றதால் ஞானாம்பிகை அதற்கு மூஞ்சூறு என்று பெயர் வைத்தாள். பனியை வீசும் குழாயைத் தும்பிக்கை என்றும் அவளே சொன்னாள். மூஞ்சூறுக்குத் தும்பிக்கை கிடையாது, அது அதன் முதலாளிக்கு உரியது என்று நான் அன்றே சுட்டிக்காட்டினேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

டிசெம்பர் 29, திங்கள் காலை, மூஞ்சூறு ஞானாம்பிகையின் சக்கர நாற்காலிக்காகப் போட்ட ராம்ப்பின் மேல் மூன்றடி உயரத்துக்குப் பனியைக் கொட்டியது உண்மை. அதை நான் ஏவினேன் என்பது பொய். “தும்பிக்கையை என்ரை பெண்சாதியின்ரை வழிக்கு நேரை திருப்பி வைச்சிட்டு நித்திரை கொள்ளுறியள், என்ன?” என்று முகப்பில் நின்று கத்தினீர்கள். அயலவர்களுக்கு விளங்கியது சத்தம் மட்டும். எனக்குச் சொற்களும் விளங்கின.

விடயம் இதுதான். மூஞ்சூறு தெருவை நோக்கிப் போகும்போது பனியை என் தோட்டத்தில் வீசும். திரும்பி வரும்போது தும்பிக்கை மறுபக்கம் திரும்பி, மறுபடியும் என் தோட்டத்திலேயே வீச வேண்டும். அதைத் திருப்புவது ஒரு கேபிள். கேபிள் இறுகினால் தும்பிக்கை அசையாது. அப்போது போகும் பனி என் பக்கமும் வரும் பனி உங்கள் பக்கமும் விழும். இது கோபம் அல்ல, கேத்திரகணிதம்.

நேற்று அது பாதையின் நட்டநடுவில் நின்றுவிட்டது. நூற்றி நாற்பது கிலோ. கால்மணிக்கு ஒருமுறை பிரெஞ்சில் “தலையீடு தேவை” என்று பற்றரி தீரும்வரை சொல்லியது. அதை நகர்த்த இருவர் வேண்டும்: ஒருவர் பிறேக்கின் நெம்புகோலைப் பிடிக்க, ஒருவர் தள்ள. நமக்கிடையே கதை இல்லாததால் இருவர் இல்லை.

இப்படிக்கு,
வே. உருத்திரமூர்த்தி
(இடப்பக்கக் கதவு)


04.01.2026, ஞாயிறு

திரு. உருத்திரமூர்த்தி அவர்கட்கு,

கடிதம் கிடைத்தது. சப்பாத்துகள் போனதை நேற்றே கண்டேன். கால்விரிப்பில் அவை நின்ற இடத்தில் இரண்டு வெள்ளை உப்புத் தடங்கள் இருக்கின்றன. அவற்றையும் எடுப்பதென்றால் அறிவிக்கவும்.

கோடும் கோணமும் பார்க்கும் கேத்திரகணிதம் எனக்கு விளங்காது. இருபத்துநாலு வருடம் ஹோட்டல் குசினியில் நின்றவன். எனக்கு விளங்குவது திங்கள், புதன், வெள்ளி. அந்த மூன்று நாளும் காலை ஆறு நாற்பதுக்கு வாகனம் வரும். உங்கள் தங்கையை டயலிசிஸுக்குக் கொண்டுபோகும். அவளுடைய சிறுநீரகம் செய்யாத வேலையை ஆஸ்பத்திரியில் ஒரு இயந்திரம் நாலு மணித்தியாலம் செய்யும். கால்விரல் எடுத்த பிறகு அவளால் படி இறங்க முடியாது. ராம்ப் இல்லையென்றால் வாகனம் இல்லை, வாகனம் இல்லையென்றால் இயந்திரம் இல்லை. இது உங்கள் கேத்திரகணிதத்தில் எங்கே வருகிறது என்று தெரியாது.

29ஆம் திகதி நானும் சாரதி பேனாட்டும் நாற்பது நிமிடம் பனி அள்ளினோம். எனக்குத் தோள், அவருக்கு முதுகு. அவள் வாசலில் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிந்திப் போனதால் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் குறைத்துத்தான் செய்தார்கள். உங்கள் தோட்டத்தில் என்ன இருக்கிறது? பட்டுப்போன ரோசா ஒன்று. அதன் மேல் ஒரு மலையே விழுந்தாலும் அது யாரையும் பிந்தவைக்காது.

இயந்திரத்தை ஆட்டுவிக்கும் ஃபோன் உங்கள் சட்டைப்பையில். என்னிடம் இருப்பது அதன் பாதி உரிமை மட்டும். அப்படியிருக்க நான் யாரைச் சந்தேகப்படுவது?

கேபிள்தான் என்று நீங்கள் சொன்னபடியால் இன்று மத்தியானம் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து அதன் மேல் ஊற்றினேன். தும்பிக்கை கையால் தள்ள இரண்டு விரலளவு அசைந்தது. ஐந்து நிமிடத்தில் மறுபடி இறுகிவிட்டது, முன்னையதைவிட மோசமாக. குளிர் மைனஸ் பத்தொன்பது. இதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பனி அள்ளும் ஒப்பந்தக்காரரைக் கேட்டேன். ஏப்ரல்வரை இடமில்லையாம். இயந்திரம் வாங்கிய மகிழ்ச்சியில் அவரை நிற்பாட்டியது நாம் இருவரும்தான்.

ஞானாம்பிகை கேட்கச் சொன்னாள், “அண்ணைக்கு நாரி நோ எப்பிடி?” என்று. நான் கேட்கவில்லை. அவள் கேட்டதாக எழுதுகிறேன்.

க. தியாகலிங்கம்
(வலப்பக்கக் கதவு)


06.01.2026, செவ்வாய்

திரு. தியாகலிங்கம் அவர்கட்கு,

கேத்தில் பற்றிய பந்தியை இரண்டு தடவை வாசித்தேன்.

கேபிள் என்பது ஒரு பிளாஸ்ரிக் உறையும் அதற்குள் ஓடும் கம்பியும். உறைக்குள் தண்ணீர் போய் உறைந்தால் கம்பி பிடிபடும். நீங்கள் செய்தது, உறைந்த தண்ணீரைக் கரைக்க மேலும் தண்ணீர் கொடுத்தது. விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் கேபிள் பரிசோதித்தவன் நான். இப்படி ஒருவர் விமானத்துக்குச் செய்திருந்தால் அவருடைய பெயரைச் சுவரில் ஒட்டியிருப்போம்.

இனிச் செய்ய வேண்டியது: முதலில் கேபிள் அறுந்ததா, உறைந்ததா என்று அறிய வேண்டும். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான், தும்பிக்கை அசையாது. ஆனால் அறுந்த கேபிளை மோட்டர் இழுத்தால் முனை தொளதொளவென்று ஆடும். உறைந்ததை இழுத்தால் மோட்டர் முக்கும், கம்பி விறைத்து நிற்கும், சில விநாடியில் இயந்திரம் தானாக நின்றுவிடும். நின்ற விதத்தைப் பார்த்தால் உறைந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பது பரிசோதனை அல்ல. நேற்றுப் பின்னேரம் முன்மூடியைக் கழற்றிக் கையால் இழுத்துப் பார்த்தேன். விறைப்புத்தான். (நாரி நோ அப்படியே இருக்கிறது, குனிந்தால் இடுப்புப் பிடிக்கிறது. இதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டவருக்குச் சொல்லலாம்.)

கேபிளைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, இரண்டு முனையையும் தொங்கவிட்டு, மெல்லிய சூட்டில் காற்றுப் பிடித்து உருக்கி, தண்ணீர் முழுவதையும் வடிக்க வேண்டும். பிறகு ஸ்பிரிற் விட்டு உலர்த்தி, சிலிக்கன் எண்ணெய் விட வேண்டும். கிறீஸ் கூடாது. குளிரில் அது களியாகிவிடும்.

இதற்கு ஒரு முடியுலர்த்தி தேவை. என் தலைக்கு அது தேவைப்படாமல் போய்ப் பதினெட்டு வருடம். ஞானாம்பிகையிடம் ஒன்று இருப்பதை அறிவேன். தபால்பெட்டியில் வைத்தால் எடுத்துக்கொள்வேன். இது இயந்திரத்துக்கான இரவல். எனக்கான இரவல் அல்ல.

வே. உ.


08.01.2026, வியாழன்

மச்சான் அவர்கட்கு,

“மச்சான்” என்று தவறி எழுதிவிட்டேன். வெட்டினால் அசிங்கமாக இருக்கும், அப்படியே விடுகிறேன்.

முடியுலர்த்தி பெட்டிக்குள் போகவில்லை. பிடி தடுத்தது. முகப்பில், உங்கள் சப்பாத்து நின்ற இடத்தில் வைத்திருக்கிறேன்.

நேற்று, புதன், நடந்ததை எழுதுகிறேன். செவ்வாய் விழுந்த பனி பதினைந்து சென்ரிமீற்றர். ஐந்து மணிக்கு எழும்பி ராம்ப்பையும் பாதையின் பாதியையும் அள்ளினேன். என் பாதியில் மூஞ்சூறுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி போக இடமில்லை; திங்களன்று பனி இல்லாததால் உங்கள் பாதியால் சுற்றிப் போனோம். மூஞ்சூறுக்கு மறுபக்கம் உங்கள் பாதி. அங்கே நீங்கள் அள்ளியது உங்கள் காரிலிருந்து தெருவரை மட்டும்; ராம்ப்பிலிருந்து அதற்குப் போக வழியில்லை. இருவரும் சரியாக எல்லை பார்த்து அள்ளியிருந்தோம். நில அளவையாளர் வந்திருந்தால் பாராட்டியிருப்பார்.

பேனாட் வந்தார், பார்த்தார். அவர் சொன்னதில் எனக்கு விளங்கியவை மூன்று: பொன்ஜூர், நேஜ் (பனி), இம்பொசிபிள். மிச்சத்தை ஞானாம்பிகை சொன்னாள். பதினைந்து வருடம் கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், வேலை செய்தவள் அல்லவா, பிரெஞ்சு நன்றாக வரும். பனிக்கு மேலால் நாற்காலியை இழுக்க அவருக்கு அனுமதியில்லையாம். 29ஆம் திகதி என்னோடு பனி அள்ளியதே பிழையாம். ஐந்து நிமிடம் நிற்கலாம். பத்து நிமிடம் நின்றார். நான் மூஞ்சூறைத் தனியாகத் தள்ளிப் பார்த்தேன். அது நகரவில்லை, நான்தான் சறுக்கினேன்.

“விடுங்கோ, அந்த மனிசனுக்கு வேறை ஆக்களும் இருக்கினம்,” என்றாள் ஞானாம்பிகை. பிறகு பேனாட்டைப் பார்த்து “மெர்சி” என்று நன்றி சொன்னாள். அவர் போய்விட்டார்.

இன்று பின்னேரம்தான் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. நானும் டாக்சிக்காரரும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு கிலோ கூடுதல், எல்லாம் தண்ணீர். கால் வீங்கி, மூச்சு இழுத்தது. இன்னொருமுறை விட்டால் நெஞ்சுக்குள் போகும் என்று மருத்துவர் சொன்னாராம். எனக்குச் சொல்லவில்லை, நிருஷாவுக்கு ஃபோனில் சொன்னார். மகள் எனக்குச் சொன்னாள். எல்லாச் செய்தியும் எனக்கு இரண்டாம் கையாகத்தான் வருகிறது.

நான் யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. களைத்துப்போனேன்.

தியாகலிங்கம்


10.01.2026, சனி

மச்சான் அவர்கட்கு,

நீங்கள் ஆரம்பித்ததை நான் மாற்றினால் அது ஒரு அறிவிப்பாகிவிடும். ஆகவே அப்படியே தொடர்கிறேன்.

வெள்ளி காலை மூஞ்சூறு மூன்றடி தள்ளி, என் ரோசாவின் மேல் நின்றதைக் கவனித்திருப்பீர்கள். பிறேக்கின் நெம்புகோலை நான் உடுக்கும் பழைய சாரம் ஒன்றால் இழுத்துக் கட்டினால் ஒருவர் போதும் என்று கண்டுபிடித்தேன். எட்டு நாட்களுக்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம். அதைப் பற்றி மேலதிகமாக எழுதத் தேவையில்லை.

கேபிளைக் கழற்றிக் குளியலறைத் திரைக்கம்பியில் தொங்கவிட்டு, கீழே ஒரு வெள்ளைக் கிண்ணம் வைத்து, முடியுலர்த்தியைப் பிடித்தேன். முப்பத்தைந்து நிமிடம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு துளித் துளியாக வந்தது. உங்கள் கேத்திலின் தண்ணீர் கொஞ்சம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அது இருந்தது. ஆனால் நடுவில் வந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

மஞ்சள் பனிக்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அது நாயோடு சம்பந்தப்பட்டது, நம் இருவரிடமும் நாய் இல்லை. கிண்ணத்தை முகர்ந்தேன். புளித்த தேங்காய்.

மச்சான், ஒக்ரோபர் முதலாம் திகதி ஆயுத பூசை. மூஞ்சூறைப் பாதையில் நிறுத்தி, பொட்டு வைத்து, சக்கரப்பட்டிக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, உடைத்த தண்ணீரையும் மஞ்சள் தண்ணீரையும் அதன் தலையில் ஊற்றியது யார்? கோயில் பரிபாலன சபையில் ஆறு வருடம் இருந்த அனுபவத்தோடு, ஒரு செம்பு போதாதென்று இரண்டாம் செம்பும் ஊற்றியது யார்? கேபிள் உறைக்குள் போகும் இடத்தில் ஒரு றப்பர் தொப்பி இருக்கிறது. தண்ணீர் போகாமல் தடுப்பது அது ஒன்றுதான். அந்தத் தொப்பி மேலே தூக்கப்பட்டு, அதன் கீழே ஒரு மஞ்சள் நூல் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறது. பூசைக் காப்பு நூல். தொப்பி அந்த முடிச்சின் மேல் மூன்று மாதமாகக் குந்திக்கொண்டிருந்திருக்கிறது.

நூல் கட்டியதும் நீங்கள்தான். புகைப்படம் இருக்கிறது.

உறைந்த கம்பியை மோட்டர் திரும்பத் திரும்ப இழுத்ததில் முனையில் மூன்று இழை அறுந்துவிட்டது. உருக்கினாலும் இனி அதை நம்ப முடியாது. புது கேபிளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஐந்து வேலைநாள் என்கிறார்கள்.

நான் தும்பிக்கையைத் திருப்பவில்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் தேவையென்றால் கிண்ணத்தை அனுப்புகிறேன்.

உ.


11.01.2026, ஞாயிறு

மச்சான்,

கிண்ணம் வேண்டாம்.

நீங்கள் திருப்பவில்லை. அன்று முகப்பில் நின்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். எழுத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், பதிவு உங்களுக்குப் பிடித்த விடயம்.

இனி நூல். நீங்கள் சொன்ன புகைப்படத்தை என் ஃபோனிலும் தேடி எடுத்தேன். நிருஷா எடுத்தது. ஒன்றல்ல, நாலு இருக்கின்றன. மூன்றாவதைப் பாருங்கள். நூல் கட்ட இடம் கிடைக்காமல் நான் தடுமாறுகிறேன். பக்கத்தில் ஒரு கை, ஸ்குரூட்றைவரால் றப்பர் தொப்பியை நெம்பித் தூக்கிப் பிடித்திருக்கிறது. அந்தக் கையில் தொழிற்சாலை ஓய்வுக்குக் கொடுத்த மணிக்கூடு. “இப்ப கட்டுங்கோ மச்சான், கேபிள்தான் உயிர்நாடி, அதிலை கட்டினாத்தான் பலன்” என்று நீங்கள் சொன்னது படத்தில் இல்லை. ஆனால் ஞானாம்பிகைக்கு நினைவிருக்கிறது.

இருபத்தேழு வருடம் கேபிள் பரிசோதித்தவர் தூக்கினார், ஆறு வருடம் கோயிலில் இருந்தவர் கட்டினார். பாதிப் பாதி.

உங்கள் கடிதங்களை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். என் பதில்களையும் அனுப்பமுன் வாசிப்பேன். நேற்று கடிதம் முடிந்ததும் சிரித்தாள், பிறகு இருமினாள். “ரெண்டு பேரும் நல்லாத்தான் எழுதுறியள்,” என்றாள். “இதிலை என்ரை வாகனம் எந்தப் பக்கத்திலை வருது?” நான் உங்கள் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். வாகனத்தைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை. என்னுடைய இந்தப் பதிலிலும் நூலும் படமும்தான் இருக்கின்றன.

நிருஷா லவாலில் தன் வீட்டிலிருந்து நாளுக்கு இரண்டு தடவை ஃபோன் எடுக்கிறாள். “அப்பா, அம்மாவை இஞ்சை விடுங்கோ. லிஃப்ற் இருக்கு, நிலத்துக்குக் கீழை பார்க்கிங் இருக்கு, ஆஸ்பத்திரி பத்து நிமிசம்.” நான் சொன்னேன், கேபிள் வருகிறது, ஐந்து வேலைநாள்தான், மாமா அதை இயந்திரத்தில் பூட்டிவிடுவார் என்று. “மாமாவோடை கதைச்சனீங்களா?” என்றாள். எழுதினேன் என்றேன். ஃபோனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

கேபிள் வந்ததும் சொல்லுங்கள்.

தியாகு


17.01.2026, சனி

மச்சான்,

கேபிள் நேற்றுக் கிடைத்தது. வீட்டுக்கு வரும் என்று காத்திராமல் ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் உதிரிப்பாகக் கடைக்கு நானே போனேன். போக வர அரை நாள். கடைக்காரர் பிரெஞ்சில் கேட்டார், பழைய கேபிளுக்கு என்ன நடந்தது என்று. நான் “தேங்காய்” என்றேன். பிரெஞ்சில் அந்தச் சொல் எனக்குத் தெரிந்திருந்தது ஒரு துரதிர்ஷ்டம். மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது புகைப்படத்தைப் பார்த்தேன். மணிக்கூடு என்னுடையதுதான். நான் நெம்பியது தவறு. பரிசோதகர் ஒருவர் றப்பர் தொப்பியைத் தூக்கியது, உங்கள் கேத்திலைவிடப் பெரிய தவறு. சுவரில் ஒட்ட வேண்டிய பெயர் என்னுடையது.

பொங்கலன்று காலை முகப்பில் ஒரு மூடிய சட்டி இருந்தது. கடிதம் இல்லை. சர்க்கரை குறைவு, கசுக்கொட்டை அதிகம். நாற்காலியில் இருந்தபடி அவள்தான் கிண்டியிருக்கிறாள் என்று விளங்கிற்று. நீங்கள் கிண்டினால் அடிப்பிடிக்கும். சட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன். அவளுடைய கையில் நேரே கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

நாளை, ஞாயிறு, பத்து மணிக்குக் கேபிளைப் பூட்டலாம். இதற்கு உண்மையாகவே இருவர் வேண்டும். நான் இயந்திரத்தடியில் குந்தியிருந்து கம்பியின் இழுவையைத் திருகாணியால் சரிசெய்ய வேண்டும். அதே நேரம் ஒருவர் ஃபோனில் தும்பிக்கையைத் திருப்ப வேண்டும். என் ஃபோனை உங்கள் தபால்பெட்டியில் வைக்கிறேன். இரகசிய இலக்கம் 1234. நீங்கள் உங்கள் யன்னலோரம் நில்லுங்கள். நான் முகப்புக் கம்பியில் ஒருமுறை தட்டினால் இடம், இரண்டுமுறை தட்டினால் வலம், மூன்றுமுறை தட்டினால் நிறுத்து. கதைக்கலாம்தான். ஆனால் கதை எப்போது, எந்த வசனத்தில் மீண்டும் தொடங்குவது என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. அவசரப்பட்டு ஒரு மோட்டருக்கு முன்னால் தொடங்க விரும்பவில்லை.

புது கேபிளை அதிகம் இழுத்துக் கட்டக்கூடாது, நெல்லளவு தளர்வு வேண்டும். றப்பர் தொப்பி உட்கார்ந்ததும் அதைச் சுற்றி ஒரு பிடிப்பு வளையம் போடுவேன். அடுத்த ஆயுத பூசைக்குச் சந்தனப் பொட்டு ஒன்று மட்டும், அதுவும் மேல்மூடியில். தேங்காயைத் தெருவில் உடைக்கலாம்.

திங்கள் காலை இருபது சென்ரிமீற்றர் வரும் என்கிறார்கள். ஞானாம்பிகையிடம் சொல்லுங்கள், திங்கட்கிழமை ராம்ப்பில் ஒரு கையளவு பனியும் இருக்காது. பேனாட்டும் தன் முதுகைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

சப்பாத்துகளை இன்று பின்னேரம் கால்விரிப்பில் திரும்ப வைக்கிறேன். முன்னைய முடிவு இறுதியானது என்று எழுதியிருந்தேன். அதை இத்தால் திருத்துகிறேன்.

உருத்திரன்


20.01.2026, செவ்வாய்

அன்புள்ள மச்சான்,

ஞாயிறு வேலை நன்றாக முடிந்தது. தும்பிக்கை முழுச் சுற்றும் திரும்பியபோது நீங்கள் “ஓம்! ஓம்! அப்பிடித்தான்!” என்று கத்தியதை நான் கதையாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றுமுறை தட்ட மறந்துவிட்டீர்கள். நானாக நிறுத்தினேன்.

நேற்றுக் காலை விழுந்தது இருபத்திரண்டு சென்ரிமீற்றர். நாலரைக்கு மூஞ்சூறு தானாக எழும்பியது. யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது உங்கள் பக்கம் வீசியது. தெருவில் திரும்பியது, தும்பிக்கையையும் திருப்பியது, வரும்போதும் உங்கள் பக்கமே வீசியது. உங்கள் ரோசா இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. ராம்ப்பில் பனி இல்லை. பாதை தார் தெரியுமளவுக்குத் துப்புரவு. பிறகு வந்து தன் இடத்தில் படுத்தது. பிரெஞ்சில் ஒன்றும் சொல்லவில்லை.

உங்களுக்கு எழுதாமல் விட்டவை சில இருக்கின்றன. புதன்கிழமை, 14ஆம் திகதி, ராம்ப்பில் பனி இல்லை, ஆனால் முதல்நாள் உருகியது உறைந்து கண்ணாடியாக இருந்தது. நான் உப்புப் போட்டேன், போதவில்லை. நாற்காலி சறுக்கியது. பேனாட் குறுக்கே விழுந்து பிடித்தார். அவளுக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு முழங்கை. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவளே நிருஷாவுக்கு ஃபோன் எடுத்திருக்கிறாள்.

வியாழன் பொங்கினாள். “அண்ணைக்கு ஒரு சட்டி வையுங்கோ, கடிதம் ஒண்டும் எழுதாதேங்கோ,” என்றாள்.

வெள்ளி காலை, நீங்கள் கேபிளுக்குப் போயிருந்த நேரம், நிருஷா தாயைத் தன்னிடம் கூட்டிப்போக வந்தாள். நாற்காலி, மருந்துப் பெட்டி, இரண்டு பை. உங்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஞானாம்பிகை உங்கள் கதவைத் தட்டச் சொன்னாள். தட்டினேன். பிறகுதான் உங்கள் கார் இல்லாததைக் கண்டேன்.

டயலிசிஸ் அங்கேயே மாற்றியாகிவிட்டது, அதே திங்கள், புதன், வெள்ளி. கோப்பும் போய்விட்டது. மூச்சு இழுப்பு இல்லை, கால் வீக்கம் குறைந்திருக்கிறது. வாகனம் நிலத்துக்குக் கீழே லிஃப்ற் வாசலுக்கே வருகிறதாம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். நீங்களும் வரலாம், காரில் போக வர ஒன்றரை மணிநேரம் கதைக்காமல் இருக்க முடியுமென்றால். முடியாதென்றாலும் வரலாம். சட்டியை அப்போது கொடுக்கலாம்.

முடியுலர்த்தியைத் திருப்பித் தர அவசரமில்லை. அவள் அங்கே நிருஷாவினுடையதைப் பாவிக்கிறாள்.

நேற்று ஆறு நாற்பதுக்கு யன்னலடியில் நின்றேன். பேனாட்டின் வாகனம் தெருவால் நேரே போனது. எங்கள் விலாசம் வெள்ளிக்கிழமையோடு அவருடைய பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

தியாகு